தாழ்தளப் பேருந்து பற்றி அப்பாவுக்கு

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலமாக இருக்கிறேன். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

நான் ஓட்டும் பேருந்தின் படத்தைப் பார்த்துவிட்டு, தரை இவ்வளவு தாழ்வாக இருந்தால் என்ஜினும் ஆக்சிலும் எங்கே போயின என்று கேட்டிருந்தீர்கள். பணிமனையில் காலமெல்லாம் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவருக்கு முதலில் அதுதான் கண்ணில் படும். எதுவும் காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. என்ஜின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. முன் ஆக்சிலின் நடுப்பகுதி கீழ்நோக்கி வளைந்திருப்பதால், அதன் மேலே நடைவழி தாழ்வாகவே செல்கிறது. சக்கரங்கள் மட்டும் இருபுறமும் பெட்டி போல உள்ளே புடைத்துக்கொண்டு இருக்கைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பின் ஆக்சிலில், என்ஜினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் இருப்பதால் அதை அவ்வளவு எளிதாகத் தாழ்த்த முடியாது. ஐரோப்பாவில் சில வண்டிகளில் டிஃபரென்ஷியலை ஒரு பக்கமாக ஒதுக்கி, ஆக்சிலைச் சக்கர மையத்துக்கும் கீழே இறக்கி, தாழ்தளத்தைக் கடைசிவரை கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் வண்டியில் அந்தச் சிக்கலே வேண்டாமென்று, பின் ஆக்சிலுக்கு முன்னால் தாழ்தளத்தை முடித்துப் படி வைத்துவிட்டார்கள். இதுவே புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். முதியவர்கள் முன்பாதியிலேயே அமர்ந்துகொள்கிறார்கள், மெக்கானிக்குகளுக்கும் தலைவலி குறைவு.

இது ஒரே நாளில் வந்த மாற்றம் அல்ல. டென்னிஸ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த 'டார்ட்' என்ற சிறிய ஒற்றைத்தளப் பேருந்தில் படியேறித்தான் உள்ளே போக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ரைட் நிறுவனம் பாடி கட்டிய 'பாத்ஃபைண்டர் 320' என்ற தாழ்தளப் பேருந்து இங்கே ஓடத் தொடங்கியது. 320 என்பது தரையின் உயரம், மில்லிமீட்டரில். ஆனால் தாழ்தளத்தை நாடெங்கும் பரப்பியது 1995-இல் டார்ட்டின் தாழ்தள வடிவமாக வந்த 'டார்ட் எஸ்.எல்.எஃப்.' தான். நீளமும் எடையும் குறைவாக இருந்ததால், குறுகிய தெருக்களில் ஓடும் தடங்களுக்கும் அதை வாங்க முடிந்தது. அதே 1995-இல் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும், அதன் கீழ் 2000-இல் பேருந்துகளுக்கான விதிகளும் வந்தன. ஒற்றைத்தளப் பேருந்துகள் அந்த விதிகளுக்கு மாறக் கெடு 2016 ஜனவரி 1. லண்டன் அதுவரை காத்திருக்காமல், பழம்பெருமைக்காக விட்டுவைத்த சில வண்டிகள் நீங்கலாக, 2005 இறுதிக்குள் தாழ்தளத்துக்கு மாறிவிட்டது. 2016-இல் 507, 521 தடங்களுக்கு 12 மீட்டர் நீள மின்பேருந்துகள் வந்தபோதும், தரையை உயர்த்தாமல் பேட்டரிக்கு வேறு இடம் பார்த்தார்களே தவிர, பழைய படிகள் திரும்பி வரவில்லை.

ஆனால் பொறியாளர்கள் தரையை எவ்வளவுதான் தாழ்த்தினாலும், மிச்சமுள்ள இடைவெளியை மூடுவது ஓட்டுநரின் வேலை. நிறுத்தத்தில் பொத்தானை அழுத்தினால் நடைபாதைப் பக்கத்து ஏர் சஸ்பென்ஷனிலிருந்து காற்று சீறி வெளியேறி, வண்டி அந்தப் பக்கமாகச் சற்றுத் தாழ்கிறது. சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருந்தால், மற்றவர்கள் இறங்கியதும் நடுக் கதவை மூடி, சாய்தளப் பலகையை நீட்டும் பொத்தானை அழுத்துகிறேன். எச்சரிக்கை ஒலியோடு பலகை தரைக்கடியிலிருந்து மெல்ல வெளியே வந்து நடைபாதையில் அமர்கிறது. அதன்பிறகே கதவைத் திறக்கிறேன். உள்ளே 1,300-க்கு 750 மில்லிமீட்டர் இடம் அவருக்கென்று இருக்கிறது. முதுகுப் பலகையில் சாய்ந்து, வண்டியின் பின்புறத்தைப் பார்த்தபடி அவர் பயணம் செய்கிறார்.

இதெல்லாம் ஒழுங்காக நடக்க, வண்டி நடைபாதை விளிம்புக்கு இணையாக, 200 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். நிறுத்தத்துக்குள் யாராவது சரக்கு வண்டியைச் செருகிவிட்டுப் போனால் அத்தனை பொறியியலும் வீண். பலகை நடைபாதையை எட்டாமல் சாலையில் இறங்கும், சரிவு செங்குத்தாகிவிடும், நாற்காலியைத் தள்ளுபவர் மூச்சுவாங்குவார். அபராதம் இருந்தும் இது நின்றபாடில்லை. எனக்கு மிகுந்த எரிச்சல் தருவது இதுதான்.

பேருந்துக்குள் சக்கர நாற்காலிக்கென்று உள்ள இடத்தில் பெரும்பாலும் குழந்தை வண்டிகள் நிற்கும், அது வேறு சங்கடம். சக்கர நாற்காலிக்கே முன்னுரிமை என்றாலும், தாயைக் கட்டாயப்படுத்தி இறக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒருமுறை கேட்டுவிட்டு ஓட்டுநர் கைகழுவிவிடக் கூடாது, மறுப்பு நியாயமற்றதாக இருந்தால் மேலும் வற்புறுத்த வேண்டும், தேவைப்பட்டால் வண்டியைச் சிறிது நேரம் நிறுத்தியும் வைக்கலாம் என்று 2017-இல் இந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரும்பாலும் அதுவரை போவதில்லை. குழந்தை வண்டியை மடக்கி எங்கே வைக்கலாம் என்று காட்டிவிட்டு நான் அவசரப்படுத்தாமல் இருந்தாலே வழி பிறந்துவிடுகிறது. தாமதம் ஏன் என்று கட்டுப்பாட்டு அறையில் கேட்டால் காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்பதில்லை.

அம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்