டேப் பேக்கப் கோளாறும் உங்கள் சர்வீஸ் பிரிவின் அலட்சியமும்: புகார்

பெறுநர்:
சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள், சென்னை.

பொருள்: எல்டிஓ-7 டேப் டிரைவும் நீங்கள் எழுதிக் கொடுத்த இரவு நேர பேக்கப் ஸ்கிரிப்டும் – தரவு இழப்பு – நிவாரணம் கோருதல்.

ஐயா,

வணக்கம். உங்கள் ஹெல்ப்லைனுக்குப் போன் செய்து செய்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். கூப்பிடும்போதெல்லாம் ஒரு புது டிக்கெட் எண், ஒரு புதுக் குரல், முதலிலிருந்து அதே கதை. இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

திருச்சியில் எங்கள் கல்லூரி லினக்ஸ் சர்வரில் துறைகள், ஆய்வு மாணவர்கள் எல்லோருடைய ஃபைல்களும் அவரவர் ஹோம் டைரக்டரியில் இருக்கின்றன. அவற்றை ராத்திரி 2 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரான் மூலம் தானாக டேப்பில் ஏற்ற டிரைவ், ஸ்கிரிப்ட், வருடாந்திரப் பராமரிப்பு மூன்றையும் உங்களிடமே வாங்கினோம். கிழமைக்கு ஒரு டேப். காலையில் வந்து டேப்பை மாற்றுவேன். 'பேக்கப் வெற்றி' என்று மெயில் வந்திருக்கும்.

சர்வரில், ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும் ரெய்டு-5 வரிசையில் ஒரு டிஸ்க் போய், மாற்று டிஸ்கில் தரவை மறுபடி கட்டும் ரீபில்ட் ஓடும்போதே இன்னொன்றும் போனது. டேப் இருக்கிறதே என்று பதறாமல்தான் இருந்தேன். டேப்பைப் போட்டு, ஃபைல்களைக் கட்டாக எழுதவும் படிக்கவும் உதவும் டார் கட்டளையில் பட்டியல் கேட்டால் ஒரே ஒரு டைரக்டரி வருகிறது: ஆங்கில அகரவரிசையில் கடைசியாக வரும் விலங்கியல் ஆய்வகக் கணக்கு. அடுத்த ஃபைலுக்கு நகர்த்தினால், படிக்க முடியவில்லை என்று ஐ/ஓ எரர். திங்கள் டேப், செவ்வாய் டேப், எதைப் போட்டாலும் விலங்கியல் மட்டும்தான்.

காரணத்தை உங்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு டைரக்டரிக்கும் தனித்தனியாக டார் ஓட்டுகிறது. எழுதும் இடம் எஸ்டி0. மூடியதும் டேப்பை ஆரம்பத்துக்கே ரீவைண்ட் செய்துவிடும் டிவைஸ் அது. அடுத்த டைரக்டரி முந்தையதன் மேலேயே உட்காரும். அதே டிரைவுக்கு, ரீவைண்ட் செய்யாத பெயரான என்எஸ்டி0 என்று போட்டிருந்தால் இந்தச் சேதமே இல்லை. சோலாரிஸ் என்ற பழைய யூனிக்ஸ் காலத்திலிருந்து இதே வழக்கம்தான். அங்கே அந்த 'என்' பெயருக்குக் கடைசியில் வரும், இங்கே முதலில் வருகிறது. ஒவ்வொரு டாரும் தன் வேலையைப் பிழையில்லாமல் முடித்தது என்பதால் மெயிலும் வெற்றி என்றே வந்தது. டேப் விற்றே பிழைக்கும் நிறுவனத்துக்கு இது தெரியாதா?

இதைத்தான் உங்கள் ஹெல்ப்லைனில் பொறுமையாக விளக்கினேன். அன்று பேசியவர் பாதியில் மறித்து, "சார், உங்களுக்கு யூனிக்ஸ் தெரியுமா? மெயில்ல சக்ஸஸ்னு வந்தா சக்ஸஸ்தான். டிரைவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார். அழிந்த தரவு டிரைவை ஆஃப் பண்ணினால் திரும்பி வருமா என்று கேட்டேன். "அது உங்க பிரச்சனை" என்று சொல்லி லைனைத் துண்டித்துவிட்டார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இருந்த மாணவி ஒருவர் அப்போது என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும். தயவுசெய்து நீங்களே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்தச் சென்னைப் பயணம். டேப்பை நேரில் கொண்டுவந்தால் பார்த்துவிடலாம் என்று உங்கள் ஆட்கள்தான் கூப்பிட்டார்கள். ராத்திரி பஸ் ஏறி, டேப்பை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கிண்டி அலுவலகத்தில் மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, "எங்ககிட்ட எல்டிஓ-5 டிரைவ்தான் இருக்கு" என்றார்கள். எல்டிஓ-5 இரண்டு தலைமுறை பழையது, அந்த டிரைவ் எல்டிஓ-7 டேப்பைப் படிக்காது. வரச் சொன்னபோதே எந்த டேப் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்கள் இன்ஜினியர் டேப்பிலிருந்து தரவைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் ரீஸ்டோர் சோதனை செய்ய வேண்டும். 'ரீஸ்டோர் டெஸ்ட் ஓகே' என்று அவர் கையெழுத்துப் போட்ட தாள்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. டேப்பின் தொடக்கத்தில் இருந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு ஓகே போட்டிருக்கிறார். அது அந்த விலங்கியல்தான். ஒரே ஒரு தடவை இயற்பியல் துறையைக் கேட்டிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

போனது கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கல்லூரியின் மொத்த உழைப்பும் போய்விட்டது. கோடி ரூபாய் கொடுத்தாலும் ஈடாகாது.

நான் கேட்பது இவ்வளவுதான். கடைசியாக எழுதிய இடத்துக்கு அப்பால் பழைய தரவு டேப்பில் மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. சாதாரண டிரைவ் அதைத் தாண்டிப் படிக்காது. எல்லா டேப்பிலும் ரைட் புரொடெக்ட் பொத்தானைத் தள்ளிப் பூட்டி வைத்திருக்கிறேன். அவற்றை உங்கள் செலவில் தரவு மீட்பு நிபுணர்களிடம் அனுப்புங்கள். ஸ்கிரிப்டைத் திருத்தி, எல்லாத் துறை டைரக்டரியையும் எங்கள் கண்முன் ரீஸ்டோர் செய்து காட்டுங்கள். பராமரிப்புக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். அந்த ஹெல்ப்லைன் ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நீங்கள் நல்ல முறையில் முடித்துக் கொடுத்தால் எனக்கு வேறு வருத்தமில்லை. பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் இன்ஜினியர் கையெழுத்திட்ட தாள்களும் கூடவே வரும். நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்,
கணினி மையம், திருச்சி.