கம்பெனியோடு இருக்க விரும்பும் மேஜருக்கு ஒரு வழி வையுங்கள்

ராணுவத் தலைமையகத்தில் அதிகாரிகளின் பதவி உயர்வையும் போஸ்டிங்கையும் கவனிக்கும் எம்.எஸ். பிராஞ்ச் அதிகாரிகளுக்கு வணக்கம்.

காலாட்படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். இங்கே பட்டாளத்துக்காரர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால் பேச்சு பென்ஷனில் ஆரம்பித்துப் பழைய கம்பெனி (நூறு பேருக்கு மேற்பட்ட படைப்பிரிவு) கமாண்டர்களில் வந்து நிற்கும். கடைசியில் ஒரே குறைதான்: நல்ல ஆபீசர் கம்பெனியில் நிலைப்பதில்லை.

வடக்கிலிருந்து வரும் இளம் கேப்டன் முதலில் எங்கள் தமிழைப் பழக வேண்டும். எவன் வீட்டில் பிரச்சினை, எவனை உடனே லீவில் அனுப்ப வேண்டும், எந்த ஓடையோரம் ராத்திரியில் ஆள் நடமாட்டம் இருக்கும் என்பதெல்லாம் பிடிபட ஒரு குளிர்காலமாவது ஆகும். எல்லாம் கைவந்த நேரத்தில் போஸ்டிங் வந்துவிடும். அவரும் போய்த்தான் ஆக வேண்டும். அதிகாரிகளைத் தலைமையக வேலைக்குத் தயார் செய்யும் நீலகிரி வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் பரீட்சை, அப்புறம் ஏதாவது தலைமையகத்தில் ஃபைல் வேலை என்று போனால்தான் கர்னல் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் போர்டில் பெயர் எடுபடும் என்பது அவருக்குத் தெரியும். (மதராஸ் ரெஜிமெண்ட் ஜவான்களை உருவாக்கும் சென்டரும் அதே வெலிங்டனில்தான் இருக்கிறது என்பது வேடிக்கை.)

உங்கள் கணக்கு புரியாமல் இல்லை. கேப்டனுக்கு 2 ஆண்டு, மேஜருக்கு 6, லெப்டினன்ட் கர்னலுக்கு 13 என்று வருடம் எண்ணியே பதவி வந்துவிடுகிறது. அதற்கு மேலே இடம் குறைவு, அதனால் தேர்வு. கார்கில் போருக்குப் பின் ஏ.வி.சிங் குழு சொன்னபடி 2004-இல் இந்த ஏற்பாடு வந்ததே பல கம்பெனிகள் சேர்ந்த பட்டாலியனை இளைய வயதுக்காரர் கையில் கொடுக்கத்தான். ஐம்பது வயதில் மலையேறி ரோந்து போக முடியாது, சரி. களம் தெரிந்தவர் தலைமையகத்தில் இல்லாவிட்டால் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும், அதுவும் சரி.

ஆனால் தேர்வாகாத அதிகாரியை 26 ஆண்டு முடிந்ததும் டைம்-ஸ்கேல் கர்னல், அதாவது வருடக் கணக்கில் மட்டும் கர்னல், ஆக்குகிறீர்கள். தோளில் கர்னல் பட்டை, செய்வது லெப்டினன்ட் கர்னல் வேலை. பதவி வேறு, பொறுப்பு வேறு என்று பிரிக்க உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதானே அர்த்தம்? இன்று அது ஆறுதல் பரிசு மாதிரி இருக்கிறது. களத்திலேயே இருக்க விரும்பிக் கேட்பவருக்கு அதையே, முன்னதாகவே, கௌரவமாகக் கொடுங்கள். நாற்பதைத் தாண்டியவர் பட்டாலியனில் டூ-ஐ-சியாக (இரண்டாவது தலைவராக) இருக்கட்டும். வைரெங்டே காட்டுப்போர்ப் பள்ளியிலோ குல்மார்க் மலைப்போர்ப் பள்ளியிலோ சொல்லிக்கொடுக்கட்டும். சம்பளத்தில் கை வைக்காதீர்கள். எங்கள் ஊரில் கொத்தனார் மேஸ்திரியானாலும் கையிலிருக்கும் கரண்டியை யாரும் பிடுங்குவதில்லை.

இதில் வில்லங்கமும் உண்டு. ஒரே யூனிட்டில் வேர்விட்டவர் அதைத் தன் சொந்த வீடாக நினைக்கத் தொடங்குவார். பட்டாலியன் தலைவரான சி.ஓ. தன்னைவிட ஜூனியர் என்றால் உரசல் வரும், நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பட்டாலியனை மாற்றுங்கள், வேலையை மாற்ற வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் விதிகளைத் திருத்த நாளாகும். அதுவரை ஒன்று மட்டும் கேட்கிறேன். ஃபீல்டில் கம்பெனி நடத்தும் மேஜர் 'இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தால், அந்த ஒரு வருடத்துக்காக போர்டில் அவருக்கு மார்க் குறையக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.