அந்த அப்பிள் மரத்தை வெட்டாதே, சிவா

ஜில்லிங்ஹாம்,
ஐப்பசி (ஒக்ரோபர்) 4

அன்புள்ள சிவா,

நேற்று இரவு நீ அனுப்பிய ஒன்பது படங்களையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். குரல் பதிவு போட்டால் பாதியிலேயே வேறு கதைக்குப் போய்விடுவேன், அதனால்தான் கடிதம். வீடு நன்றாக இருக்கிறது மச்சான். லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரே அறையில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுத்த காலம் ஞாபகம் வந்தது. வளவோடு ஒரு வீடு வாங்க வேண்டும் என்று அப்போதே நீதான் சொல்லிக்கொண்டிருப்பாய். உன் அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

சரி, மரத்துக்கு வருகிறேன். மரத்தை வெட்டி, வேரையும் கிண்டி எடுத்து, அந்த இடமெல்லாம் கல் பதிக்க ஒருவர் விலை சொல்லியிருக்கிறார், அடுத்த கிழமை பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்லிவிடு. குறைந்தது மூன்று குளிர்காலம் அந்த மரத்துக்குக் கொடு, அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் நானே வந்து வெட்டித் தருகிறேன்.

ஐப்பசி பிறந்தும் பழம் பச்சையாகவே இருக்கிறது, கடித்தால் பல் கூசுகிறது, இது வளராத பழம் என்கிறாய். ஆனால் நீ கையில் வைத்துப் பிடித்த படத்தைப் பார்: உள்ளங்கை நிறைந்த பழம், மேலும் கீழும் தட்டை, உடம்பில் மெல்லிய வரம்புகள், ஒரு பக்கம் மட்டும் செம்மை படர்ந்திருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு அது பிராம்லி. பச்சையாகத் தின்கிற பழமே இல்லை, சமையலுக்கான அப்பிள். மரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. புரட்டாதி கடைசியிலிருந்து ஐப்பசி நடுப்பகுதி வரைக்கும்தான் அதைப் பறிக்கும் காலம், ஆகவே நீ ஒன்றும் பிந்திவிடவில்லை.

அந்தப் பழம் எங்கிருந்து வந்தது தெரியுமா? உன் வீட்டுக்கு வடக்கே, நொட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1809 இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி அப்பிள் விதை ஊன்றினாள். அதில் ஒன்று மரமாகியது. பின்னர் அந்த வீட்டை பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். 1856 இல் மெரிவெதர் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் வந்து, ஒட்டுவதற்குக் கொப்புத் தாருங்கள் என்று கேட்டபோது, தரலாம், ஆனால் பழத்துக்கு என் பெயர்தான் என்றாராம் அவர். விதை ஊன்றிய பிள்ளையின் பெயர் பழத்துக்குக் கிடைக்கவில்லை, அது எனக்கு எப்போதும் மனதில் தைக்கிற விஷயம். அந்தத் தாய் மரம் 1900 இல் புயலில் சாய்ந்து, சாய்ந்த இடத்திலிருந்தே மறுபடி தளிர்த்தது. இப்போது தேன்பூஞ்சணம் பிடித்து மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது. உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு பிராம்லியும் அந்த ஒரு மரத்தின் கொப்பிலிருந்து, ஒட்டுக்கு மேல் ஒட்டாக வந்ததுதான். உன் மரமும் அப்படித்தான்.

தேன்பூஞ்சணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பதில் சொல்வதற்கு முன் மரத்தடியில் குந்தியிருந்து பார். இந்த மாதம்தான் தேன் நிறத்தில் கூட்டமாகக் காளான் முளைக்கும் காலம். அடிமரத்துப் பட்டையை நகத்தால் கொஞ்சம் நெம்பிப் பார், உள்ளே வெள்ளைத் தோல் போலப் படர்ந்து காளான் மணம் அடித்தால் அதுதான், அப்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் நீ சொல்வது போல அடிமரத்தின் நடுவில் பொந்து இருக்கிறது என்பதற்காக மரம் சாகவில்லை. மரத்துக்கு உயிர் ஓடுவது பட்டைக்கு அடியில், வெளி வளையத்தில். பழைய அப்பிள் மரங்கள் வயிறு வெறுமையாகவே பல காலம் காய்க்கும். கொப்பெல்லாம் பாசி பிடித்திருப்பதாகச் சொன்னாய், அதுவும் நோயில்லை.

அடுத்தது புள்ளிகள். உன் படங்களில் இரண்டு விதமான புள்ளி இருக்கிறது, நீ இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டாய். இலையில் ஒலிவ் நிறத்தில் படர்ந்து, பழத்தில் கறுத்து, சொறி போல வெடித்திருக்கிறதே, அது ஸ்காப் என்கிற பூஞ்சணம். அது குளிர்காலம் முழுக்க உயிரோடு இருப்பது விழுந்த இலைகளில். பங்குனி, சித்திரையில் மழை நனைக்க நனைக்க அந்த இலைகளிலிருந்துதான் வித்துகள் கிளம்பிப் புதுத் தளிரில் போய் ஒட்டும். ஆகவே இதற்கு நான் சொல்லும் மருந்து ஒரு வாருகோல்தான். இலை கொட்டத் தொடங்கியதும் கார்த்திகை முடியும்வரை கிழமைக்கு ஒரு தடவை கூட்டி அள்ளி, மாநகரசபையின் தோட்டக்குப்பைத் தொட்டியில் போட்டுவிடு. உன் வளவில் உக்க வைக்காதே. மரத்திலேயே வற்றிச் சுருங்கித் தொங்குகிற பழுப்புப் பழங்களையும் ஏணி வைத்துப் பறித்துப் போடு, அது வேறொரு அழுகல் நோயின் இருப்பிடம்.

மற்றப் புள்ளி, தோலில் சின்னச் சின்னக் குழி, வெட்டினால் சதைக்குள் மண்ணிறப் பொட்டு, கசப்பு. அது தொற்று நோயே இல்லை. கல்சியம் பழத்துக்குப் போய்ச் சேராததால் வருவது, பிராம்லிக்கு அடிக்கடி வரும். மண்ணில் கல்சியம் இருந்தாலும் அதைக் கொண்டு போவது தண்ணீர்தான், ஆனி ஆடியில் மண் காய்ந்தால் வழியிலேயே நின்றுவிடும். மரத்தைச் சுற்றி ஒரு மீற்றருக்குப் புல்லைக் கொத்தி எடு, புல் குடிக்கிற தண்ணீர் கொஞ்சமில்லை. அந்த வட்டத்தில் உக்கின பசளை போடு, ஆனால் அடிமரத்தில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி. வெயில் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை வேர் நனைய நனையத் தண்ணீர் விடு.

அடிமரத்தில் முட்டாமல் என்று சொல்வது நான் பட்டதால். 2008 இல் இந்த வீட்டுக்கு வந்ததும் முதலில் நட்டது கொக்ஸ் என்ற அப்பிள். கடைப்பழத்தில் அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்து ஆசை. நோய்களுக்கு இலகுவில் இடம் கொடுக்கும் இனம் என்று எனக்கு அப்போது தெரியாது, அதையும் கொண்டுபோய்த் தண்ணீர் வடியாத மூலையில் நட்டேன். ஒட்டிய இடம் மண்ணுக்குள் போகும்படி ஆழமாக வைத்தேன். அதற்கு மேல் எருவையும் தண்டைச் சுற்றிக் குவித்தேன். ஊரில் அப்பு ஒட்டுமாங்கன்று நடும்போது எத்தனை தடவை சொல்லியிருப்பார், ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும் என்று. அப்பிளும் ஒட்டுக்கன்றுதான் என்பது என் தலையில் ஏறவில்லை. ஆறாவது வருடம் பட்டை அழுகி, கொப்பெல்லாம் புண் விழுந்து மரம் போய்விட்டது. வெட்டின அன்றைக்கு மனம் சரியில்லாமல்தான் இருந்தேன். அதே குழியில் மறுபடி அப்பிள் நட்டால் கன்று தேறாது என்று அறிந்து, நாலு மீற்றர் தள்ளி டிஸ்கவரி என்ற வேறு இனம் நட்டேன். அது ஆவணியிலேயே பழுக்கும், தோலின் சிவப்பு சதைக்குள்ளும் கொஞ்சம் இறங்கியிருக்கும், உனக்கு அனுப்பினேனே, அந்தப் பழம்தான்.

இனி வெட்டுகிற கதை. மரம் கூரை உயரத்துக்குப் போய், நடுவில் வெளிச்சமே விழாமல் கொப்புகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கிறது. நனைந்த இலை காற்றில்லாமல் காயாது, காயாத இலையில்தான் ஸ்காப் பிடிக்கும். ஆகவே கொப்பு வெட்டத்தான் வேண்டும், ஆனால் தயவுசெய்து ஒரே குளிர்காலத்தில் மொட்டையடிக்காதே. அப்படி வெட்டினால் மரம் பயந்து, அடுத்த கோடையில் நேரே வானத்தைப் பார்த்துச் சவுக்குப் போல நூறு தளிர் விடும், ஒன்றிலும் பூ வராது, பழத்துக்குப் போக வேண்டிய கல்சியத்தையும் அந்த இலைகள் இழுத்துக்கொள்ளும். வருடத்துக்கு மொத்தக் கொப்பில் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது. இந்த முறை பட்டது, நோய் பிடித்தது, உரசுவது, அவ்வளவும்தான். அடுத்த வருடம் நடுவைத் திறப்போம், மூன்றாம் வருடம் உயரத்தைக் குறைப்போம். இலை முழுதும் கொட்டி, மொட்டு வெடிப்பதற்கு முன், அதாவது கார்த்திகை கடைசியிலிருந்து மாசி வரை, உறைபனி இல்லாத நாளாகப் பார்த்து. பிராம்லி கொப்பு நுனிகளிலும் காய்க்கும் என்பதால் வேலி வெட்டுவது போல நுனியெல்லாம் கத்தரித்துவிடாதே.

கொப்புத் தண்டோடு சேரும் இடத்தில் சுருக்கு விழுந்த வளையம் போல ஒரு வீக்கம் இருக்கும், அதை விட்டுவிட்டு அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும், காயத்தை மூடி வளர்வது அந்த இடம்தான். பாரமான கொப்பென்றால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அரிந்துவிட்டு மேலிருந்து வெட்டு, இல்லாவிட்டால் முறியும்போது பட்டையை உரித்துக்கொண்டு வரும். காயத்துக்குப் பெயின்ற் பூச வேண்டாம்.

பழத்தைத் துளைக்கிற புழுவுக்கு வைகாசி நடுவில் ஒரு ஒட்டுப்பொறி கட்டித் தொங்கவிடு, பெண் அந்துப்பூச்சியின் மணம் வைத்த பொறி, ஆண் பூச்சிகள் வந்து மாட்டும். மருந்தடிப்பது பற்றிக் கேட்டாய், நான் அடிப்பதில்லை. சின்னக் குருவிகள் குளிர்காலம் முழுக்கப் பட்டை வெடிப்பில் கொத்திக் கொத்திப் புழுக்கூடுகளைத் தின்கின்றன, மரத்திலே ஒரு கூட்டுப்பெட்டி கட்டிவிடு போதும்.

எனக்கு இன்றைக்கும் கஷ்டமான வேலை பிஞ்சு களைவதுதான். ஆனி மாதத்தில் மரம் தானே கொஞ்சம் பிஞ்சைக் கொட்டும். புதிதாக மரம் வைத்தவர்கள் பயந்துவிடுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. அது கொட்டி முடிந்த பிறகு மிச்சத்தை நாங்கள் குறைக்க வேண்டும், பிராம்லி என்றால் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு காய். எங்கள் வீட்டில் மாம்பிஞ்சில் கல்லெறிந்ததற்கே அம்மாவிடம் அடி வாங்கியவன் நான், கை நிறையப் பச்சைப் பிஞ்சைக் கிள்ளிப் போட முதல் வருடம் மனமே வரவில்லை, விட்டுவிட்டேன். அவ்வளவும் எலுமிச்சங்காய் அளவு, ஒரு கொப்பு பாரம் தாங்காமல் கிழிந்தது, அடுத்த வருடம் மரம் ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. உன் மரம் ஒரு வருடம் அள்ளிக் கொட்டி ஒரு வருடம் சும்மா நிற்கிறது என்று பக்கத்து வீட்டுக் கிழவி சொன்னாளே, காரணம் இதுதான். யாரும் அந்த மரத்தில் பிஞ்சு களைந்ததில்லை.

பழத்தை என்ன செய்வது? கலாவிடம் சொல், மாங்காய் போடுகிற எதிலும் பிராம்லி போடலாம். வெந்தால் கரைந்துவிடும், அதனால் பருப்பில் கடைசியாகப் போட்டு ஒரு கொதியோடு இறக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது மாங்காய்ச் சம்பலுக்குப் பதில் இதைத்தான் துருவி, பச்சைமிளகாய், தேங்காய்ப்பூவோடு பிசைகிறோம், சின்னவள் வேறு கறி கேட்பதில்லை. அடிபடாத பழங்களைப் பத்திரிகைத்தாளில் சுற்றி, ஒன்றோடொன்று முட்டாமல் கராஜில் அடுக்கு. பங்குனி வரைக்கும் இருக்கும்.

சின்னவள் என்றதும், அவளுக்கு லீட்ஸில் இடம் கிடைத்துவிட்டது, போன கிழமைதான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். வீடு அமைதியாக இருக்கிறது. விஜி இன்னும் மூன்று பேருக்குத்தான் சோறு போடுகிறாள். என் முழங்கால் பரவாயில்லை, ஏணி ஏறலாம்.

மார்கழி முதல் சனிக்கிழமை வருகிறேன். கைவாள், கத்தரி எல்லாம் என்னிடம் இருக்கிறது, நீ ஏணி மட்டும் வாங்கி வை. தை மாதம் மறுபடி வந்து, பென்சில் தடிப்பில் நாலு இளங்கொப்பு எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து பங்குனியில் ஒட்டப் போகிறேன். எம்9 என்ற அடிக்கன்று, அதாவது ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் கன்று, சொல்லி வைத்திருக்கிறேன். எங்களுக்குக் கிட்ட இருக்கிற ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது அது, எட்டடி பத்தடிக்கு மேல் வளர விடாது, ஆயுள் முழுக்க ஒரு முண்டுதடி மட்டும் கொடுக்க வேண்டும். பிராம்லி வீரியமான இனம், என் வளவுக்கு அதுதான் சரி. பிடித்தால் இரண்டு கன்று, ஒன்று உனக்கு.

அப்புறம், இந்த மாதம் 21 ஆம் திகதி அப்பிள் தினம். அதை ஒட்டி ஊரூராகச் சின்னச் சந்தைகள் நடக்கும், பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்து இனம் சொல்லக்கூடிய வயதானவர்கள் வந்திருப்பார்கள். உன் பக்கத்திலும் ஒன்று இருக்கும், தேடிப் பார். மூன்று பழம், காம்போடும் இரண்டு இலையோடும், புள்ளி இல்லாததாகத் தெரிந்தெடுத்துக் கொண்டுபோ. பிராம்லி இல்லை என்று சொன்னால் உடனே எனக்கு போன் எடு, இரவு எத்தனை மணியானாலும்.

அன்புடன்,
ரவி