பம்பருக்குப் பின்னால் இருக்கும் குழாய்

வெள்ளவத்தை,
ஒக்டோபர் 19

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்றிரவு எட்டு மணிக்குப் பிடித்த மழை விடியற்காலை நாலு மணிக்குத்தான் விட்டது. கான் நிரம்பி, ஒழுங்கை முழுவதும் தண்ணீர். யாருடையதோ ஒற்றைச் செருப்பு மிதந்து வந்து நம் கேற்றடியில் கிடக்கிறது. எனக்கு நித்திரை வரவில்லை. உன் கார் எஞ்சினுக்குக் காற்றெடுக்கப் போட்டிருக்கிறாயே, அந்தக் குழாயை நினைத்துக்கொண்டு கிடந்தேன். போன் எடுத்தேன், மணி போனது. வட்ஸ்அப்பில் போட்டதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. வாசிக்கிறாய் என்று தெரிகிறது, அது காணும். ஆனால் இது நாலு வரியில் சொல்கிற விஷயம் இல்லை. மேல்மாடி அன்ரியின் மகன் உன் கந்தோர்ப் பக்கம்தான் போகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தபோது பொனட்டைத் திறந்து காட்டினாய். கம்பனி கொடுத்த கறுப்பு ஏர் பில்டர் பெட்டி இல்லை. அலுமினியக் குழாய் ஒன்று வளைந்து கீழே இறங்கி, பம்பருக்குப் பின்னால் சிவப்புக் கூம்பு பில்டரில் முடிந்தது. “சத்தத்தைக் கேளுங்கோ அப்பா” என்றாய். கேட்டுவிட்டு, காசைக் கரியாக்கியிருக்கிறாய் என்றேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. வேலை சுத்தமாக இருந்தது. பஞ்சிகாவத்தையில் மோட்டார் சாமான் கடையில் 31 வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். ஒரு கிளிப் இறுகியிருக்கிற விதத்தைப் பார்த்தே செய்தவன் அவசரக்காரனா இல்லையா என்று சொல்லுவேன். நீ அவசரப்படவில்லை.

ஆனால் நீ தேத்தண்ணி குடிக்க உள்ளே போன நேரம் நான் குந்தியிருந்து சாண் வைத்துப் பார்த்தேன். பில்டரின் அடிக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு சாணும் நாலு விரலும்தான். கம்பனிக்காரன் காற்றெடுக்கிற வாயை மேலே, கிறில்லுக்குக் கிட்ட வைப்பது அழகுக்காக இல்லை. கீழே குளிர்ந்த காற்று கிடைக்கும், எஞ்சின் கொஞ்சம் உற்சாகமாக இழுக்கும், சரி. தண்ணீரும் அங்கேதான் இருக்கும். பில்டர் முழுக்க அமிழ்ந்துவிட்டால் எஞ்சின் ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சிவிடும்.

எவ்வளவு தண்ணீர் போனால் கேடு என்று உனக்குத் தெரியுமோ தெரியாது. உன்னுடையது 1500 சிசி, நாலு சிலிண்டர். ஒன்றுக்கு 375. பத்துக்கு ஒன்று என்று அமுக்குகிற எஞ்சினில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சுகிற இடம் 40 மில்லிலீற்றர் சொச்சம். மூன்று மேசைக்கரண்டி. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த மூன்று கரண்டிக்கு மேல் ஒரு சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் ஏற வழியில்லை, பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். சில நேரம் எஞ்சின் புளொக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

கொலன்னாவையில் வீடு எடுக்காதே என்று 2016 மே வெள்ளத்தைக் காட்டி எவ்வளவு சொன்னேன். களனி ஆறு ஏறினால் அந்தப் பக்கம் முழுவதும் தண்ணீர். வாடகை குறைவு என்றாய். சரி, அது முடிந்த கதை. காரை இரவில் எங்கே விடுகிறாய்? பள்ளத்தில் விடாதே. நிறுத்திவைத்த காரின் எஞ்சினுக்குள்ளும் அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறும். காலையில் வெள்ளம் வடிந்துவிட்டதே என்று சாவியைத் திருகினால் அதே கேடுதான்.

உனக்கு மூன்று வழி இருக்கிறது. பில்டருக்கு மேல் போடுகிற தண்ணீர் ஒட்டாத துணி உறை வருகிறது. அது ரயர் வாரி அடிக்கிற தண்ணீருக்குக் காணும், அமிழ்ந்தால் காணாது. குழாயின் மேல் பகுதியில் பொருத்துகிற பைபாஸ் வால்வு இருக்கிறது. கீழே அடைபட்டவுடன் அது திறந்து மேலிருந்து காற்றை எடுக்கும். டேர்போ எஞ்சினுக்கு ஆகாது, உன்னுடையது டேர்போ இல்லை, போடலாம். ஆனால் வால்வும் தண்ணீருக்கு மேலே இருந்தால்தான் பலன். என் விருப்பம் இதுதான்: உன் குழாய் இரண்டு துண்டு. கீழ்த் துண்டைக் கழற்றிவிட்டு பில்டரை மேலே, பொனட்டுக்குள் வை. சூடான காற்றுத்தான் கிடைக்கும், சத்தம் கொஞ்சம் மாறும். மார்கழி வரைக்கும்தானே. பிறகு, மட்காட்டுக்கு உள்ளே இருந்த பிளாஸ்டிக்கைக் குழாய்க்கு இடம்விட வெட்டியிருந்தாய், அந்த ஓட்டையை அடை. முன் ரயர் வாருகிற தண்ணீர் நேரே பில்டரில்தான் அடிக்கும். பில்டரைக் கழுவினால் நிழலில் காயவிட்டு எண்ணெய் போடு, அளவோடு. கூடினால் காற்றை அளக்கிற சென்சரில் படிந்து வேறு தொல்லை தரும்.

சின்னவளைப் போன வெள்ளிக்கிழமை கொச்சிக்கடை சிவன் கோயிலில் கண்டேன். அவளுடைய அம்மம்மாவோடு வந்திருந்தாள். பள்ளிக்கூட உடுப்பு, முதுகில் புத்தகப்பை. கொலன்னாவையிலிருந்து வந்த பிள்ளை மாதிரி இல்லை. “அப்பப்பா, நாங்கள் இப்ப அம்மம்மா வீட்டிலதான் நிக்கிறம்” என்றாள். சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. கச்சான் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிள்ளை மெலிந்திருக்கிறாள்.

தண்ணீருக்குள் போகவே வேண்டாம். போகத்தான் வேண்டுமென்றால் மெதுவாகப் போ, முன்னால் அலை எழும்பாதபடி. எதிரே பஸ் வந்தால் நின்று அவனை விட்டுவிடு. உன் தண்ணீர் ஒரு சாண் என்றாலும் அவன் தள்ளிவிடுகிற அலை இரண்டு சாண் வரும். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதே. இதுதான் முக்கியம். பின்னால் ஆயிரம் பேர் ஹோர்ன் அடிக்கட்டும். ஸ்டார்ட் பண்ணாதே. இறங்கித் தள்ளு. கராஜ் பாஸைக் கூப்பிட்டு நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றச் சொல்லு, பிறகு சுற்றவிட்டால் தண்ணீர் பிளக் ஓட்டையால் பீச்சிக்கொண்டு வந்துவிடும். ஒயில் குச்சியை இழுத்துப் பார். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஒயிலுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, அதை மாற்றாமல் ஓடாதே.

நின்ற எஞ்சினைத் திருகாதே என்று இத்தனை தரம் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கு எரிச்சலாக இருக்கும்.

2010 நவம்பர். பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் போன மழை. அன்றைக்கு நான் கடை பூட்டிவிட்டு நம் பழைய நிசான் சனி காரில் வந்துகொண்டிருந்தேன். தும்முல்லைச் சந்தியில் தண்ணீர். முன்னுக்கு ஒரு பஸ் போனது, அலை அடித்தது, சனி நின்றது. கராஜ்காரன் பிழையாகப் பூட்டியதால் எஞ்சின் போனது என்று வீட்டில் வந்து சொன்னேன். அது பொய். ஏர் பெட்டிக்கு முன்னால் இருக்கிற ரப்பர்க் குழாய் மூன்று மாதமாக வெடித்திருந்தது. நானே விற்கிற சாமான். நாளைக்கு, நாளைக்கு என்று மாட்டவில்லை. நின்ற பிறகு நான் திருகினேன், தம்பி. ஒரு தரம் இல்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது, திருகினேன், திருகினேன். மூன்றாவது தரம் “டக்” என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும்.

யப்பான் ரீகண்டிஷன் எஞ்சின் இறக்கிப் போட்டோம், நினைவிருக்கும். அந்தக் காசு எங்கேயிருந்து வந்தது என்று நீ கேட்கவில்லை. உன்னை மலேசியாவுக்கு மோட்டார் என்ஜினியரிங் படிக்க அனுப்ப வைத்திருந்த காசு. இரண்டு மாதம் கழித்து உயர்தரப் பெறுபேறு வந்தபோது, இந்தப் பெறுபேற்றுக்குக் காசு கட்ட முடியாது என்றேனே, பெறுபேற்றில் ஒரு குறையும் இல்லை. காசுதான் இல்லை. நீ அழவில்லை. பெறுபேற்றுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாய். பிறகு இன்ஷூரன்ஸ் வேலை, கழுத்தில் ரை, கொலன்னாவை, எல்லாம். நீ காரோடு மினக்கெடுவதைக் கண்டாலே நான் எரிந்து விழுவதற்கு வேறு காரணம் இல்லை.

அம்மாவுக்கு இன்று காலைதான் சொன்னேன். அவ புட்டு அவித்துக்கொண்டிருந்தா. “எனக்கு அப்பவே தெரியும், பாஸ் காசு வாங்க வந்தபோது சொன்னவர்” என்றா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு காலமும் வாயைத் திறக்கவில்லை.

உன் பழைய கறுப்புப் பெட்டி எங்கள் மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கிறது. கழுவித் துடைத்து, புதுப் பேப்பர் பில்டர் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தால் இரண்டு பேருமாக மாட்டலாம், ஒரு மணித்தியால வேலை. குழாயை எறியத் தேவையில்லை, தையில் திரும்பப் போடு. நீயே போடு, நான் விளக்குப் பிடிக்கிறேன். சின்னவளின் சைக்கிளுக்கும் காற்று அடித்து வைத்திருக்கிறேன், சங்கிலிக்கு எண்ணெய் விட்டாயிற்று.

வர ஏலாவிட்டால் மழைக்கு முதல் அந்தக் கீழ்த் துண்டையாவது கழற்று.

அப்பா

பி.கு: வெல்லம்பிட்டியப் பாதையால் வராதே. பேஸ்லைன் வீதியால் வா. அங்கும் தண்ணீர் என்றால் பஸ்ஸில் வா.