கயல் படிப்பு விஷயமாக

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தங்கச்சியின் முட்டிவலி குறைந்ததா? இங்கே எல்லாரும் நலம். குளிர் ஒருவழியாக விட்டது.

கயல் புள்ளியியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் பாதுகாப்புக் கொள்கையை, அதாவது பயங்கரவாதம் போன்ற ஆபத்துகளிலிருந்து நாட்டுக்குள் மக்களைக் காப்பது எப்படி என்பதை, ஆராய வேண்டும் என்கிறாளாமே. "அது போலீஸ்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் பார்க்கிற வேலைதானே?" என்று கேட்டிருந்தாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களில் பயங்கரவாதிகள் விமானங்களை மோதியபோது, ஆற்றுக்கு இந்தக் கரையில் நின்று அந்தப் புகையைப் பார்த்தவன் நான். அதனாலேயே இந்தத் துறைக்காரர்கள் எழுதுவதை அன்றிலிருந்து விடாமல் படிக்கிறேன்.

இந்தத் துறையில் பலதரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பட்டாளத்துக்காரர்களும் உண்டு. ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் 1972-இல் பயங்கரவாத ஆய்வைத் தொடங்கிய பிரையன் ஜென்கின்ஸ், வியட்நாமில் பணியாற்றிய சிறப்புப் படை அதிகாரி. ஆனால் கல்லூரியில் அவர் படித்தது நுண்கலை! பயங்கரவாதம் ஒரு நாடகம், பார்ப்பவர்களுக்காகவே நடத்தப்படுவது என்று அவர் சொன்னதற்கு அந்தப் படிப்பும் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

கயல் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கதை. பிங்கர்டன் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம், 1970 முதல் 1997 வரை உலகெங்கும் நடந்த தாக்குதல்களைச் செய்திகளிலிருந்து குறித்து வைத்திருந்தது. குறித்தவர்கள் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர்கள். அந்தக் குறிப்புகள் இருந்த பெட்டிகளைக் கேட்டு வாங்கி, மாணவர்களை வைத்துக் கணினியில் ஏற்றியவர் கேரி லாஃப்ரீ. அவர் குற்றவியல் பேராசிரியர். இன்று உலகமெங்கும் ஆய்வாளர்கள் எடுத்தாளும் பயங்கரவாதத் தரவுத்தளம் அப்படிப் பிறந்ததுதான். ஆனால் 1993-ஆம் ஆண்டுப் பதிவுகள் இவர்கள் கைக்கு வருமுன்பே தொலைந்துவிட்டன. உலக வர்த்தக மையத்தில் முதல் குண்டு வெடித்ததும், பம்பாயில் தொடர் குண்டுகள் வெடித்ததும் அந்த ஆண்டில்தான். பிறகு தேடியும் முழுதாக மீட்க முடியவில்லை. விட்டுப்போன ஓர் ஆண்டை வைத்துக்கொண்டு எப்படிக் கணக்குப் போடுவது? அது புள்ளியியல் படித்தவள் யோசிக்க வேண்டிய கேள்வி.

மார்க் ஸ்டீவர்ட் என்று ஆஸ்திரேலியர் ஒருவர், கட்டுமானப் பொறியாளர். பாதுகாப்புக்குக் கொட்டும் பணத்தால் ஆபத்து எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் பார்த்தார். உடன் எழுதியவர் அரசியல் அறிவியல் பேராசிரியர் ஜான் மியூலர். ஒரு பொறியாளருக்குத்தான் இந்தக் கேள்வி கேட்க வரும்.

என் மனதை விட்டுப் போகாதவர் ஜோசப் ஃபைஃபர். நியூயார்க் தீயணைப்பு அதிகாரி. 2001 செப்டம்பர் 11 காலை ஏதோ எரிவாயுக் கசிவைப் பார்க்கத் தெருவில் நின்றபோது தலைக்கு மேல் விமானம் தாழப் பறந்ததைக் கண்டார். கோபுரத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்த உயரதிகாரி அவர்தான். கீழ்த்தளத்தில் நின்று ஆட்களை மேலே அனுப்பினார். அவர்களில் ஒருவர் அவருடைய சொந்தத் தம்பி கெவின். அன்று இறந்த 343 தீயணைப்பு வீரர்களில் அவரும் ஒருவர். ஹெலிகாப்டரில் இருந்த போலீஸார் கோபுரம் சரியப்போவதைக் கவனித்துச் சொல்லியும், அந்தச் செய்தி தீயணைப்புத் தலைமைக்கு வந்து சேரவே இல்லை. இதை எழுதும்போதும் கை நின்றுவிடுகிறது, சண்முகம்.

ஃபைஃபர் பிறகு கலிஃபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியின் உள்நாட்டுப் பாதுகாப்பு மையத்தில் படித்தார். தீயணைப்பு, காவல், பொதுச் சுகாதாரம் என்று பணியில் இருப்பவர்களுக்காக 2002-இல் அங்கே தொடங்கிய மையம் அது. நெருக்கடி நேரத்தில் துறைகள் தகவலை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதே அவருடைய ஆய்வாகிவிட்டது. எத்தனை புத்தகம் படித்தவருக்கும் அந்தக் கேள்வி அவ்வளவு ஆழமாக உறைக்குமா?

அதனால் போகட்டும் அவள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு: உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் நேரடி வேலைகளுக்குப் பெரும்பாலும் அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள். பல்கலைக்கழக ஆய்வில்தான் வெளிநாட்டவருக்கு வழி கொஞ்சம் அகலம். முடிந்தால் விடுமுறையில் உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் பத்து நாள் உட்கார்ந்து, அழைப்பு வந்தால் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொல். அப்புறம் எனக்கு நேரடியாக எழுதச் சொல். அவளுடைய கேள்விகளுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராஜு