ஏழாம் எண் கேமராவுக்கு முன்னால் நின்ற சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதை இங்கே எழுதப் போவதில்லை. கடையின் பெயரையும் எழுதவில்லை. கும்பகோணத்தில் ஜவுளிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை, எது என்று நினைப்பவர்கள் எதையாவது நினைத்துக்கொள்ளட்டும். உங்களுக்குத் தலைப்பைப் பார்த்ததுமே புரிந்திருக்கும். நீங்கள் அங்கே வேலை பார்த்த இரண்டு வருடத்தில் நான் உங்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. மாடிப்படிக்கு அடியில், மனிதர்களுக்காக அல்லாமல் இயந்திரங்களுக்காகக் குளிரூட்டப்பட்ட அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் என்று சொன்னால் நினைவு வரலாம்.

போன மாதம் என் அக்கா மகன், "மாமா, ஒங்க வேலையப் பத்தி ஒரு படம் இருக்கு, பாருங்க" என்று தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தான். 'ரெட் ரோடு' என்று பெயர். 2006இல் வந்தது. ஆண்ட்ரியா அர்னால்ட் என்ற பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பரிசைப் பெற்றிருக்கிறது. கதை நடப்பது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில். அந்த ஊர்க்காரர்கள் பேசும் ஆங்கிலம் எனக்கு ஒரு வரி கூடப் பிடிபடவில்லை. கீழே ஓடிய எழுத்துகளைப் படித்துத்தான் பார்த்தேன். இருபத்தெட்டு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் என்பதால் அது ஒன்றும் சிரமமாக இல்லை. அச்சகம் மூடிய பிறகு, பிழை கண்டுபிடிக்கும் கண் என்ற ஒரே தகுதியில்தான் எனக்குக் கேமரா அறையில் இடம் கிடைத்தது.

உங்களுக்கு இந்தப் படத்தைப் பார்க்க நேரமும் மனமும் வாய்க்குமோ என்னவோ, அதனால் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி என்ற பெண், தெருக்களில் பொருத்திய கேமராக்களைக் கண்காணிக்கும் அறையில் வேலை செய்கிறாள். கேட் டிக்கி என்ற நடிகை அந்தப் பாத்திரத்தில் அதிகம் பேசாமலே இருந்து காட்டியிருக்கிறார். அவளுக்கு முன்னால் சுவர் நிறையத் திரைகள். குற்றம் நடக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஆனால் அவள் வேறு சிலரையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நோயுற்ற கிழட்டு நாயோடு நடக்கும் ஒரு மனிதர். இரவில் அலுவலகத்தைத் துடைத்துக்கொண்டே, காதில் மாட்டிய பாட்டுக்கு ஆடும் ஒரு பெண். அவர்களைப் பார்க்கும்போது மட்டும் ஜாக்கியின் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. இந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஏனென்றால் எனக்கு நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பத்திரண்டு கட்டங்களில் ஏழாவது கட்டம் ஜாக்கெட் பிட் பிரிவு. கூட்டம் இல்லாத பிற்பகல்களில் நீங்கள் கலைந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, முனையோடு முனை சேர்த்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி அடுக்குவீர்கள். அப்போது உங்கள் உதடு அசையும். நீங்கள் ஏதோ பாடிக்கொண்டிருந்தீர்கள். என்ன பாட்டு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம் கேமராக்களில் மைக் கிடையாது. மேற்பார்வையாளர் அவ்வப்போது உள்ளே தலையை நீட்டி, "யாரு சார் ஒக்காந்துருக்கா?" என்று கேட்பார். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. முக்காலிகளும் வாங்கிப் போட்டார்கள். அவற்றின் மேல் துணிக் கட்டுகள்தான் உட்கார்ந்திருந்தன. உட்கார்ந்தவர்கள் யாரையும் நான் சொன்னதில்லை. அதையே என்னுடைய பெரிய நல்ல குணமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி வருகிறது. இரவில், கட்டடங்களுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தில் ஒரு பெண் ஓடுகிறாள், ஒருவன் துரத்துகிறான். ஜாக்கி பதறிக் காவல்துறையை அழைக்கப் போகிறாள். ஆனால் இன்னும் சற்றுப் பார்க்கிறாள். பார்த்தால், இருவரும் விருப்பத்தோடுதான் அங்கே வந்திருக்கிறார்கள்; ஓட்டமும் துரத்தலும் அவர்களுடைய விளையாட்டு. சத்தமில்லாத படத்தில் விளையாட்டும் வன்முறையும் ஒன்று போலவே இருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நிமிடம் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. நான் அந்த இரண்டு நிமிடம் பொறுக்கவில்லை.

2023, தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு. மாலை நாலேமுக்கால். நீங்கள் நான்கு ஜாக்கெட் பிட்டுகளை மடித்து, குனிந்து, கல்லாவுக்குக் கீழே இருந்த உங்களுடைய சொந்த மஞ்சள் பைக்குள் வைத்தீர்கள். வைத்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தீர்கள். நான் உள் இணைப்பில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததில் என் கண்ணுக்கு எட்டியது கிடங்கின் கதவு மட்டும்தான். அதற்கு உள்ளே கேமரா இல்லை. நீங்கள் அந்தக் கதவுக்குள் போனபோது மணி ஐந்து. வெளியே வந்தபோது ஐந்து இருபத்தைந்து. தலையில் இருந்த கனகாம்பரம் வெளியே வரும்போது இல்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நேரே படியிறங்கிப் போனீர்கள்.

ஏழு மணிக்கு மேல், அரக்கு நிறச் சேலை உடுத்திய ஓர் அம்மாள் ஏழாவது கட்டத்தில் வந்து நின்று எதையோ தேடினார். கையால் காட்டிக் காட்டிக் கேட்டார். பிறகு மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்: "ஏடிஎம்முக்குப் போய்ட்டு வர்றேன், கூட்டத்துல கலைஞ்சுடும், நாலு பிட்டையும் எடுத்து வச்சிரும்மான்னு சொல்லிட்டுப் போச்சாம் சார் அந்த அம்மா. வரிசையில மாட்டிக்கிட்டு இப்பத்தான் வருது. சரி விடுங்க, அது போனது போனதுதான்." நான் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். நாலு நாற்பத்தொன்றுக்கு அந்த அம்மாளின் உதடுகள் அசைகின்றன. கை தெருப்பக்கம் காட்டுகிறது. நீங்கள் தலையாட்டுகிறீர்கள். எல்லாம் அங்கேயே இருந்தது. இரண்டு பக்கமும் நீங்கள் பார்த்தது திருட்டு முழி அல்ல; அந்த அம்மாள் திரும்பி வருகிறாரா என்று பார்த்திருக்கிறீர்கள்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அந்த இயந்திரத்தில் முப்பது நாள் பதிவுதான் தங்கும்; இடம் நிறைந்ததும் மிகப் பழைய நாள் முதலில் அழியும். அந்த ஆறு நிமிடத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி முதலாளியிடம் காட்டியிருக்கலாம். பென் டிரைவ் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. தீபாவளி முடியட்டும் என்றேன். கார்த்திகை தீபம் கழியட்டும் என்றேன். ஒவ்வொரு நாளும் கடை திறக்கும் முன் அந்தப் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பேன், இருக்கும், மூடிவிடுவேன். முப்பத்தோராம் நாள் காலையில் பார்த்தபோது இல்லை. அன்று எனக்கு வந்தது துக்கம் என்று எழுத ஆசைதான். ஆனால் வந்தது நிம்மதி.

படத்துக்கு வருகிறேன். அந்த இரவில் ஜாக்கி திரையில் கண்ட முகம் கிளைட் என்பவனுடையது. போதையில் கார் ஓட்டி, அவளுடைய கணவனையும் மகளையும் கொன்றவன். சிறையில் இருக்க வேண்டியவன், காலத்துக்கு முன்பே வெளியே வந்து ரெட் ரோடு அடுக்குமாடிக் குடியிருப்பில் தங்கியிருக்கிறான். அறுபதுகளில் கட்டிய எட்டுக் கட்டடங்கள் அவை. நம் சாரங்கபாணி கோயில் கோபுரத்தைப் பக்கத்தில் நிறுத்தினால் அவற்றின் உயரத்துக்கு வராது. 2015இல் மிச்சமிருந்தவற்றையும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்களாம். ஜாக்கி அவனைத் திரையில் தொடர்கிறாள். பிறகு தெருவில் தொடர்கிறாள். ஒரு நாள் அவன் வீட்டு விருந்துக்குள்ளேயே போய்விடுகிறாள். அவளுக்கு அவன் யார் என்பதைப் படம் நெடுநேரம் நமக்குச் சொல்வதே இல்லை. திரையில் ஒரு முகமாக மட்டுமே இருந்தவனுக்கு அங்கே குரல் வருகிறது. வாடையும் கை வெதுவெதுப்பும் வருகின்றன. அவளுக்கு அருவருப்பும் ஈர்ப்பும் ஒரே நேரத்தில் வருவதை மறைக்காமல் எடுத்திருக்கிறார்கள். பிறகு அவள் அவனோடு தனித்திருந்துவிட்டு, தன் முகத்தைத் தானே காயப்படுத்திக்கொண்டு, அவன் தன்னை வன்புணர்ந்ததாகப் பொய்ப் புகார் கொடுக்கிறாள். அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவள் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அவள் மறுபடியும் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறாள்.

கடைசிப் பகுதியில் எல்லோரும் சற்று அவசரமாகவே மனம் இளகிவிடுகிறார்கள் என்பது படத்தின் மேல் என் குறை. புகாரைத் திரும்பப் பெறும் இடத்தில் மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவளுக்காவது கிளைடின் மேல் ஆறாத பகை இருந்தது. எனக்கு உங்கள் மேல் என்ன பகை?

ஜாக்கி தன் கணவன், மகளின் சாம்பலை இன்னும் கரைக்காமல் வைத்திருக்கிறாள்; மாமனாருக்கும் அவளுக்கும் அதனால் மனத்தாங்கல். நம் பக்கத்தில் அஸ்தியை நிலைப்படி தாண்டி உள்ளே கொண்டுவர மாட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். என் மனைவி 2019 வைகாசியில் போனாள். பகவத் படித்துறையில் ஆறு முழுக்க மணலாகக் கிடந்தது. மணலில் முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றி, அதில்தான் கரைத்தேன். அந்த வருடம் மேட்டூர் ஆகஸ்ட் 13ஆம் தேதிதான் திறந்தார்கள். தண்ணீர் வந்த அன்று போய் நின்றேன். பள்ளம் இருந்த இடம் எது என்றே தெரியவில்லை. அதன் பிறகு எனக்கு அந்தக் கேமரா அறை பிடித்துப்போயிற்று. பன்னிரண்டு மணி நேரமும் கண் முன்னால் மனிதர்கள், யாரோடும் பேச வேண்டியதில்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. முப்பது நாள் யோசித்த ஒருவன் அதை யாரிடமாவது சொல்லியிருந்தால், அவர்கள் காறித் துப்பியிருப்பார்கள், நானும் ஓடிப்போய்ச் செய்திருப்பேன். சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

சென்ற ஆடிப்பெருக்கன்று உங்களைப் பார்த்தேன். கேமராவில் அல்ல, நேரில். அதே படித்துறையில், வாழையிலையில் காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்து, ஒரு சிறு பெண்ணுக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள். பத்தடி தூரம். உங்கள் குரல் கேட்டது. "அசையாத நில்லுடி" என்று அந்தப் பெண்ணைச் சொன்னீர்கள். கொஞ்சம் கட்டைக் குரல். நான் மனத்தில் வேறு மாதிரி வைத்திருந்தேன். நீங்கள் நிமிர்வதற்குள் நான் பூக்காரியின் தட்டுக்குப் பின்னால் போய், வேண்டாத இரண்டு முழம் கதம்பத்தை விலை கேட்டுக்கொண்டிருந்தேன். ஜாக்கி, தன் குடும்பத்தை அழித்தவனின் கதவையே போய்த் தட்டினாள். என்னால், நான் அநியாயம் செய்தவளின் எதிரில் பத்தடி நடக்க முடியவில்லை.

படம் பார்த்த மறுநாள் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். தேதி, நேரம், நான் கண்டது, காணாமல் விட்டது, பதிவை அழியவிட்டது எல்லாம் அதில் இருக்கின்றன. மேற்பார்வையாளர், "இப்ப எதுக்கு சார் பழசக் கெளர்றீங்க?" என்றார். முதலாளி இரண்டு தடவை படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இதுவரை பதில் இல்லை. இந்தக் கடிதத்தையும் அவர் படித்த பிறகு அந்த நாற்காலி எனக்கு இருக்குமா என்று தெரியாது.

அன்று நீங்கள் விட்டுவிட்டுப் போன எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவை ஒரு பையன் கொண்டுவந்து என் அறையில் வைத்தான். மூடியில் பெயர் வெட்டியிருக்கிறது. உங்கள் பெயர் அல்ல, உங்கள் அம்மாவுடையதாக இருக்கலாம். அது இவ்வளவு நாளும் பதிவு இயந்திரத்தின் மேலேயே இருந்தது. முந்தாநாள் அதைத் துலக்கித் துடைத்து, உங்களோடு பட்டீஸ்வரம் பேருந்தில் வந்துகொண்டிருந்த தோழியிடம் கொடுத்திருக்கிறேன். முதலாளிக்குக் கொடுத்த கடிதத்தின் நகல், என் கையெழுத்தோடும் கைப்பேசி எண்ணோடும், உள்ளே இருக்கிறது. நீங்கள் வேலை கேட்டுப் போகும் இடத்தில் யாராவது பழைய கடையைப் பற்றி விசாரித்தால் அதைக் காட்டுங்கள். அவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். உள்ளே எழுதாத ஒன்றும் உண்டு. அன்று அந்த டப்பா திறக்கப்படவே இல்லை. மதியம் உங்களைச் சாப்பிட அனுப்பவில்லை என்பதை நான் ஏழாவது கட்டத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்படிக்கு,
கேமரா அறைக்காரர்