மங்கலான ஜவ்வரிசிக்கு ஏன் விலை குறைக்கிறீர்கள்?

சேலத்து ஜவ்வரிசியை மூட்டைக் கணக்கில் வாங்கி ஊர் ஊராக அனுப்பும் வியாபாரிகளுக்கு, வணக்கம்.

ஆத்தூர் பக்கம், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்கு நடுவே குடியிருப்பவன் நான். ஆலையும் இல்லை, வியாபாரமும் இல்லை. கோடை வந்தால் மொட்டை மாடியில் ஜவ்வரிசி வத்தல் போடுகிற குடும்பம், அவ்வளவுதான். மாதிரித் தட்டில் கொஞ்சம் மங்கலான சரக்கைக் கண்டதும் நீங்கள் முகம் சுளித்து விலையைக் குறைப்பது ஏன் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மங்கல் எங்கிருந்து வருகிறதென்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஜவ்வரிசிக்கு மூலமான குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கி இரண்டு மூன்று நாள் கிடந்தாலே உள்ளே கருநீலக் கோடு ஓடிவிடும். தோலை உரித்துக் கழுவி அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படிகிறது. மேலே நிற்கும் பழுப்புத் தண்ணீரை வடித்து, மாவின் மேல் படிந்த அழுக்கையும் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் கிழங்கின் நிறம் ஒரு துளி கூடவே வரத்தான் செய்யும். குலுக்கி உருட்டி, சட்டியில் வறுத்து, களத்தில் கொட்டும் நேரம் பார்த்து ஐப்பசி மேகம் மூடிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் மங்கும்.

களத்தில் ஒரு கை அள்ளிப் பாருங்கள். ஒரு மணி நல்ல உருண்டை, பக்கத்தில் ஒன்று சப்பை, இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒன்று பால் நிறம், ஒன்றில் லேசான பழுப்பு. எனக்கு அது அழகாகத்தான் இருக்கிறது. ஊறவைத்து வேகவிட்டால் அந்தப் பழுப்பு மணியும் கண்ணாடியாகத்தான் வருகிறது. பாயசத்தில் எது எதுவென்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, பளீர் வெள்ளை எப்படி வருகிறது? உரிக்கிற கூலியை மிச்சம் பிடிக்கத் தோலோடு அரைத்துவிட்டு, அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடோ ஹைபோகுளோரைட்டோ ஊற்றி வெளுத்தாலும் அதே வெள்ளைதான் கிடைக்கும். எல்லா ஆலையும் அப்படியென்று சொல்ல வரவில்லை. ஆனால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலையில் சோதனை போட்டார்கள், மூட்டைகளைப் பறிமுதல் செய்தார்கள் என்ற செய்தி நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. உரித்துக் கழுவியவருடைய சரக்கு தட்டில் தோற்று, வெளுத்தவருடையது ஜெயித்தால், அடுத்த வருஷம் அவர் மட்டும் எதற்கு உரிக்கப் போகிறார்? சோப்புத்தூள் விளம்பரம் பார்த்துப் பழகிய கண்ணை வைத்துச் சாப்பாட்டுச் சாமானுக்கு விலை போட்டால் இப்படித்தான் ஆகும்.

இந்தச் சரக்கில் பெரும்பகுதி வடக்கேதான் போகிறது. ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் விரதம் இருப்பவர்கள், சுத்தமான பொருள் என்று நம்பித்தான் சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி கிண்டுகிறார்கள். 'அங்கே வெள்ளையைத்தான் கேட்கிறார்கள்' என்கிறீர்கள். அவர்களிடம் வேறு எதையாவது காட்டியிருக்கிறீர்களா?

இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943 வாக்கில் இங்கே கிழங்கு மாவைக் கையால் குலுக்கித்தான் இந்தத் தொழிலே ஆரம்பித்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இந்த மண்ணின் கிழங்கு என்று சான்றிதழ் வாங்கிவிட்டு, கிழங்கின் சாயல் துளியும் இருக்கக் கூடாது என்பது என்ன கணக்கோ!

அதற்காக எதையும் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. கையில் மண் நெறித்தால் தள்ளுங்கள். புளித்த வாடை அடித்தால் தள்ளுங்கள். வெந்ததும் மணி நிற்காமல் கூழாகக் கரைந்தால் தாராளமாக விலையைக் குறையுங்கள். அவையெல்லாம் உண்மையான குறைகள், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியாதவை. அதனால் மாதிரித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு அடுப்பு வையுங்கள். ஒரு பிடியை வேகவைத்து, மோந்து, வாயில் போட்டுப் பார்த்து அப்புறம் விலை எழுதுங்கள். வெளுக்காத சரக்கு என்று ஆய்வக அறிக்கையோடு வருகிறவருக்கு வெள்ளைக்குக் கொடுக்கும் விலையையே கொடுங்கள். முதலில் பத்து மூட்டை போதும். மூட்டையின் மேல் 'வெளுக்காதது' என்று தமிழிலும் இந்தியிலும் பெரிதாக அச்சடித்து அனுப்புங்கள். விற்காமல் திரும்பி வந்தால் எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்புங்கள். சித்திரையில் வத்தல் போட எப்படியும் வாங்கத்தான் போகிறோம்.

இப்படிக்கு,
ஆத்தூர் வட்டத்திலிருந்து ஒரு வத்தல் வீட்டுக்காரன்